செவ்வாய்க்கிழமை வில்லன்

அந்த நடிகர் இறந்த செய்தி வந்தபோது, நான் உக்கடத்துப் பழைய சாமான் கடையில், சூடேறிய ஒரு டிவியின் தூசி வாசனையில் நின்றிருந்தேன். இன்று அடுக்குமாடிகளாகிவிட்ட எங்கள் மில் லைன் வீடுகளுக்குப் பொதுவாக ஒரே டிவி இருந்த மன்றத்திலும் இதே வாசனைதான். நான் ஏழாம் வகுப்பு படித்த ஆண்டின் செவ்வாய்க்கிழமைகளில், சரியாக ஏழரைக்கு, அந்த நடிகர் அங்கே டிவி தொடரில் தன் மனைவியைப் பெல்ட்டால் விளாசுவார், பாயில் உட்கார்ந்த பெண்கள் ஒவ்வோர் அடிக்கும் "கை அழுகிப் போகோணும்" என்று சபிக்க, பெஞ்சிலிருந்து என் அப்பாவின் குரல் எல்லோரையும்விட ஓங்கும்: "இவனெல்லாம் மனுசனாங்க?"

அதே அப்பாதான் வீட்டில் அம்மாவின் முடியைக் கையில் சுற்றிச் சுவரில் மோதுவார். அந்த நாட்களையெல்லாம் டைரியில் பெருக்கல் குறியிட்டு வைத்திருக்கிறேன்.

ஒரு செவ்வாயன்று அப்பா அப்படிக் கத்தியதும், மன்றத்துப் பாயில் இருந்த அம்மா திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ஏனுங்க, அவரு நடிக்கறாருங்க. நீங்கதான் நெசமா அடிக்கறீங்க."

யாரோ சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா பெல்ட்டை உருவினார். அம்மாவின் உதடு கிழிந்து பல் தெரிந்தது. இரண்டாவது அடிக்குள் லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "இதுவும் நடிப்புங்களாண்ணா?" என்றார். அவருக்குப் பின்னால் மன்றத்துப் பெண்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

டைரியில் அதுதான் கடைசிக் குறி.

இன்று அம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஊரு ஆம்பளைக மேல விழ வேண்டிய சாபத்தையெல்லாம் அந்த மனுசன் வாங்கிட்டுப் போயிட்டாரு, கண்ணு."