வாசலில் இருபத்திரண்டு ஜோடி ஷூ

லிஃப்டுக்காரருக்கு வந்து சேர்ந்த வெளிநாட்டில் வேலை பார்க்க அனுமதி கிடையாது. விசா மனைவியின் பெயரில். அவள் அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் பதினான்கு வருஷம் பழுதான லிஃப்டுகளோடு மல்லுக்கட்டிய மனுஷன், மூன்று மாதமாக வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். மடிப்பெல்லாம் கத்தி மாதிரி. ஆள்தான் மழுங்கிக்கொண்டே போனார்.

"இப்படியே இருந்தா துருப்பிடிச்சுடுவீங்க. பக்கத்து ஸ்கூல்ல சம்பளமில்லாம உதவ ஆள் கேக்கறாங்க, போங்க," என்று மனைவிதான் தள்ளிவிட்டாள்.

ஒன்றாம் வகுப்பு. பென்சில் சீவ வேண்டும், மூக்கு ஒழுகினால் காகிதம் நீட்ட வேண்டும், படக்கதை வாசித்தால் காது கொடுக்க வேண்டும். முதல் நாளே வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். யாரும் சொல்லவில்லை. படிக்கிற இடத்தை ஷூவோடு மிதிக்க அவர் கால் ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். கட்டைவிரலை ஆட்டிக் காட்டினார். ஒரே சிரிப்பு.

ஒரே வாரத்தில் பிள்ளைகளின் இருபத்திரண்டு ஜோடியும் வாசலில் வரிசை கட்டின. கம்பளம் சுத்தமாக இருக்கிறதே என்று டீச்சரும் விட்டுவிட்டாள். "உள்ள ஷூ வேணாம். வெளிய போனா ஷூ இல்லாம போகக்கூடாது," என்று அரைகுறை மொழியில் இவர் சட்டமே போட்டுவிட்டார். முன்பல் இரண்டும் விழுந்த ஒரு பொக்கைவாய்க்குட்டி அந்தச் சட்டத்துக்குப் போலீஸ். வரிசை கோணினால் முட்டிபோட்டு நேராக்குவாள்.

அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அபாய மணி அடித்தது. தீ ஒத்திகை. எல்லா வகுப்பும் வெளியேறிவிட்டது. ஒன்றாம் வகுப்பு மட்டும் வாசலில் ஷூ தேடி ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. "அப்படியே வாங்க!" என்று டீச்சர் கத்தி, காலுறையோடு ஈர மைதானத்துக்கு ஓட்டி வந்தாள். எண்ணினால் இருபத்தொன்று. திரும்ப எண்ணினாலும் இருபத்தொன்று.

தடுத்த கைகளைத் தாண்டி லிஃப்டுக்காரர் உள்ளே ஓடினார். பொக்கைவாய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். சிதறிய ஷூக்களையெல்லாம் வரிசையாக்கிவிட்டு, கடைசியாகத் தன்னுடையதை மாட்டிக்கொண்டிருந்தாள்.

தலைமை ஆசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டாள்.

"இன்னைக்கு வெறும் ஒத்திகை. நிஜ நெருப்பா இருந்திருந்தா?"

அவர் குனிந்து தன் ஈரக் காலுறைகளைப் பார்த்தார்.

"உங்கள மட்டும் சொல்லல. நாங்களும் பார்த்துட்டுச் சும்மாதான் இருந்தோம். ஆனா நீங்க தொடர்ந்து வரணும்னா, நாளைக்கு நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லணும். ஷூ போட்டுக்கிட்டு, உள்ள நின்னு."

வீட்டில் மனைவி கேட்டுவிட்டு, "கஷ்டமா இருந்தா போகாதீங்க. மடிக்கத் துணி இருக்கு," என்றாள்.

"கிண்டலா?"

"பாதி."

"அந்தப் புள்ள ஒரு தப்பும் பண்ணல, நர்ஸம்மா. நான் சொன்னதத்தான் பண்ணுச்சு." அவள் மீதிப் பாதியைச் சொல்லாமல் சோறு போட்டாள்.

மறுநாள் பிள்ளைகள் வழக்கம்போல வாசலில் குனிந்தார்கள். "வேணாம். போட்டுக்கிட்டே வாங்க," என்று சொல்லி, முதல் ஆளாகக் கம்பளத்தில் ஷூவை வைத்தார். யாரோ நீட்டிய உள்ளங்கையை மிதித்தது போலிருந்தது.

"நீங்கதானே கழட்டச் சொன்னீங்க?" பொக்கைவாய் கேட்டாள்.

"ஆமா. நான் சொன்னது தப்பு."

எந்த மேலதிகாரியிடமும் அவர் இதைச் சொன்னதில்லை. ஆறு வயசுக்காரி அவர் முகத்தையும் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தாள். போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

தினமும் முதலில் வாசித்துக்காட்டும் அவள் அன்று புத்தகம் எடுத்து வரவில்லை. வேறொரு பையன் வந்தான். அவன் எழுத்துக் கூட்டி வாசிக்க, லிஃப்டுக்காரர் பக்கம் புரட்டினார். ஷூ கம்பளத்தில் படாதபடி இரண்டு கால்களையும் நாற்காலிக்கடியில் தூக்கியே வைத்திருந்தார். தொடை விண்ணென்று வலித்தது. மணி அடிக்கும்வரை இறக்கவில்லை.