எதிர்வீட்டுச் சாவு

என் அண்ணன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்ட மறுவாரம், எதிர்வீட்டுக்காரர் சேலம் ரோட்டில் லாரி மோதி இறந்தார். நல்லம்பள்ளிப் பக்கத்தில் எங்கள் தெரு முழுக்க மாதா கோயிலுக்குப் போகிறவர்கள்தான். எதிர்வீட்டுச் சாவுக்குக் கோயில் மணி அடித்தது. தானாகச் செத்தவன் என்று அண்ணனுக்கு அடிக்கவில்லை.

சாயங்காலமானால் தெருவே எதிர்வீட்டுக்குச் செபமாலை சொல்லப் போகும். துக்க வீட்டுக்கென்று ஆக்கிய சோறும் ரசமும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகும். எங்கள் வீட்டெதிரே வந்ததும் எல்லாருக்கும் தலை குனிந்துகொள்ளும். எனக்கு வயிறு எரிந்தது. சாவில்கூட அவர்களுக்குத்தான் கொடுப்பினை! அண்ணனும் லாரியில் அடிபட்டே போயிருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன்.

அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். "நானும் அவங்கிட்டயே போயிடறன்" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். திருப்பிக் கேட்டால் நிஜமாகிவிடுமோ என்று பயந்து, காதில் விழாததுபோல் பாத்திரம் தேய்ப்பேன். ஆனால் அவளைத் தனியாக விட்டு எங்கும் நகர மாட்டேன்.

புருஷனை இழந்தவள் முப்பதாம் நாள் பூசைவரை வாசல்படி தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். எதிர்வீட்டு அக்கா அதற்கு முன்பே தாண்டினாள். செபமாலைக்கு வந்த கூட்டம் வாய்பிளந்து பார்க்க, தனக்கு வந்த சோற்றைத் தட்டோடு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எக்கா, சாவணுமுன்னு தோணுதுங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாடி" என்று அழுதாள்.

"எனக்கும் ஒரொரு நேரம் தோணுதுங்க. உங்க பையனப் பத்திச் சொல்லுங்க, கேக்கறன்."

அம்மா பேசினாள். அண்ணன் சின்ன வயதில் மாங்காய் திருடி அடி வாங்கியது வரைக்கும் சொன்னாள். பேச்சினூடே அந்த அக்கா ஊட்ட ஊட்டச் சாப்பிட்டாள். நான் ஊட்டியபோதெல்லாம் வாயை இறுக்கிக்கொண்டவள்! அந்த அக்காவைப் பிடித்து வெளியே தள்ளலாம்போல இருந்தது எனக்கு.

அவள் தினமும் வந்தாள். தினமும் அதே கேள்வி. "காலையில தோணுச்சு", "வெளக்கு வெக்கறப்ப தோணுச்சு" என்று அம்மா ஒளிக்காமல் சொல்வாள். நான் அடுப்படியில் நின்று பொருமுவேன்.

கேழ்வரகு அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒருநாள், அந்தக் கேள்விக்கு அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"இன்னிக்கு அந்த நெனப்பே வரலடி" என்றாள். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள்.

இனி அம்மா பிழைத்துக்கொள்வாள் என்று எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது. அதை அவள் என்னிடம் சொல்லியிருக்கலாம்.