வாய்க்காலை மூடிய தெரு

வெள்ளம் வந்தது, வெள்ளம் கொண்டுபோனது என்று எங்கள் தெருவில் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அழையாமல் வந்த விருந்தாளியா அது? நாங்கள்தான் வரவழைத்தோம். அதில் முதல் ஆள் என் அப்பா.

காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு என்றால் நேராக இருக்க வேண்டும். காலையில் வெயில் ஏறுவதற்குள் பட்டுப் பாவு, அதாவது சேலையின் நீளவாட்டு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் நடந்தபடியே அறுந்த இழைகளை முடிவார்கள். எங்கள் தெருவின் நடுவில் குறுக்கே ஒரு மழைநீர் வாய்க்கால் போயிற்று. ஆண்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும். பாவுக்குப் பக்கத்தில் நடப்பவர்கள் அதில் இறங்கி ஏறும்போதெல்லாம் பாவு ஆடும், இழை அறும். அறுபதுகளின் கடைசியில் ஒரு கோடையில் தெரு ஆண்கள் கூடிப் பேசி, இடிந்த சுவர் மண்ணைக் கொட்டி அதை மூடினார்கள்.

அம்மா மட்டும்தான் வேண்டாம் என்றாள். அவள் பிறந்தது தாமலில், ஏரிக்கரையில்.

"மழ வந்தா தண்ணி எந்தப் பக்கமா போவும்? அத யோசிக்க வேணாமா?" என்று கேட்டாள்.

"தாமல்காரிக்கு எங்க பாத்தாலும் ஏரிதான் தெரியுது" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பதினான்கு வயதில் நானும் சிரித்தேன். அதற்காக இன்னும் என்னை நான் மன்னிக்கவில்லை.

இரண்டு மழைக்காலம் ஒன்றும் ஆகவில்லை. "எங்கடி உன் ஏரி?" என்று அப்பா அவளைச் சீண்டுவார். மூன்றாவது ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் முற்பகலில் மேட்டுத் தெருக்களின் தண்ணீரெல்லாம் எங்கள் தெருவில் வந்து நின்றது. போக வழியில்லாமல் வாசற்படி ஏறி உள்ளே வந்தது.

எங்கள் தறி குழித்தறி. கால் மிதிக்கும் பலகைகள் தரையில் தோண்டிய குழிக்குள் இருக்கும். சேற்றுத் தண்ணீர் ஏறியதும் குழியும் தரையும் ஒன்றாகிவிட்டன. அப்பா பாவைச் சுருட்டி அம்மா கையில் கொடுத்து, "பரண்ல போடு, சீக்கிரம்" என்று கத்தினார். குழி எங்கே என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கை நிறையப் பாவு, கீழே பார்க்க முடியவில்லை. குழியின் விளிம்பு ஊறிப்போயிருந்தது, அவள் கால் வைத்ததும் சரிந்தது. உள்ளே விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம் கிடந்தாள். அப்புறம் அவள் எழுந்து நடக்கவே இல்லை.

சேதத்தைக் கணக்கெடுக்க வந்த அதிகாரி காரணம் என்ற இடத்தில் கனமழை என்று எழுதிக்கொண்டு போனார். அப்பாவும் தலையாட்டினார். தாமலிலும் பக்கத்து ஊரான திருப்புட்குழியிலும் அதே மழைதான் பெய்தது. அங்கே அது வயலுக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த ஆண்டு மழைக்கு முன்னால் வாய்க்காலைத் திரும்பத் தோண்டலாமா என்று தெருக்கூட்டம் போட்டார்கள். பாவு கெடும், வேண்டாம் என்றார்கள். வேண்டாமென்று கை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர்.

மறுநாள் காலையில் நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

"பொட்டப் புள்ள தெருவுல குழி வெட்டிக்கினு இருக்குது, பாத்துக்கினு நிக்கறீங்களே" என்று யாரோ அப்பாவைக் கேட்டார்கள். என்னைத் தடுக்கவும் யாரும் வரவில்லை, உதவவும் வரவில்லை. கை கொப்புளிக்க, மதியத்துக்குள் முழங்கால் ஆழம் வெட்டிவிட்டேன்.

சாயங்காலம் அப்பா மண்வெட்டியோடு வந்தார். நான் வெட்டியதை மூட ஆரம்பித்தார். அம்மாவின் கட்டில் வாசலை ஒட்டிக் கிடந்தது. அவள் படுத்தபடியே அதைப் பார்த்தாள்.

"நல்லா மிதிச்சி மூடுங்க" என்றாள். "நடக்கறவங்களுக்கு சௌகரியமா இருக்கட்டும்."