படத்தில் விழாத நண்டு

ரிப்கானுக்குச் சிரிப்பு முந்தி வரும், பேச்சு பிந்தி வரும். கற்பிட்டி வீதியில் கடை வைத்திருந்த எல்லோருக்கும் அது தெரியும். புத்தளத்து ஏஜென்ட் ஒருவரின் சின்ன லொறியில் பிஸ்கட்டும் சவர்க்காரமும் கொசு விரட்டும் நுளம்புச் சுருளும் ஏற்றிக்கொண்டு பாலாவியில் திரும்புவான். நுரைச்சோலை, மாம்புரி, தலவில என்று கடை கடையாக இறக்கிக் கற்பிட்டியில் முடிப்பான். தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம் சனங்கள் விரட்டப்பட்டபோது அவனுக்கு நடை பழகும் வயது. வாப்பா நூஹு அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு வள்ளத்தில் ஏறி, கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். வந்தவர்களுக்குக் கிடைத்த மணல் காணியில், ஓலைக் கொட்டிலில் வளர்ந்தான் ரிப்கான். பிறகு அதே இடத்தில் கல்வீடு எழுப்பி, றைஸாவைக் கலியாணம் முடித்து, ஸஃப்னா என்று ஒரு மகளுக்கும் வாப்பா ஆனான்.

யுத்தம் முடிந்து சில வருடம் போன பிறகு அந்த விளையாட்டு அவனுடைய போனுக்கு வந்தது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரில் திரிய வேண்டும். நிசமான வீதியும் கட்டடமும் திரையில் வரைபடமாக விரியும். அதற்குள் நிசத்தில் இல்லாத பிராணிகள் அங்கங்கே தலை காட்டும். வலையெறிந்து பிடித்தால் நம்முடையவை. பேர் பெற்ற சில இடங்கள் சண்டைக் களங்கள். களத்துக்கு மேலே ஒரு பெரிய முட்டை தொங்கும். சொன்ன நேரத்துக்கு அது உடைந்து ஒரு பூதாகரமான மிருகம் வெளியே வரும். நாலைந்து பேர் ஒன்றாக நின்றால்தான் அதை மடக்கலாம். அதற்கு ரெய்ட் என்று பெயர். ரிப்கானின் பாதையில் இருந்த பெரிய களம் கத்தோலிக்கர்களின் தலவில அன்னம்மா கோயில்.

கில்பட்டை அவன் சந்தித்ததும் அங்கேதான். மாம்புரிக்காரன், போட் எஞ்சின் திருத்துகிறவன். கோயில் வளவு மரத்தடியில் இரண்டு பேரும் போனில் விரல் தேய்த்துக்கொண்டு நின்று, ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்து, களவு பிடிபட்டவர்கள் மாதிரிச் சிரித்தார்கள். பிறகு வாரத்தில் ஒரு நாளாவது சந்திப்பு. ரிப்கான் லொறியை ஓரமாக விடுவான். கில்பட் எண்ணெய்க் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வருவான். இன்னும் சில பொடியன்மாரைச் சேர்த்து வட்ஸ்அப்பில் ஒரு குழுவும் தொடங்கினார்கள்.

ஒரே களத்தில் திரும்பத் திரும்ப வென்றால் அந்த இடத்தின் பெயர் போட்ட பதக்கம் வெண்கலமாகி, வெள்ளியாகி, கடைசியில் பொன்னாகும். பொன்னானால் நம்முடைய பிராணிக்கு ஒரு வைக்கோல் தொப்பி. அந்தத் தொப்பியால் பிராணிக்குப் பலம் கூடாது, ஓட்டம் கூடாது, எதுவுமே கூடாது. பார்வைக்கு மட்டும்தான். ரிப்கானிடம் ஒரு நீல நண்டு இருந்தது. மற்றவர்களிடமெல்லாம் மண்ணிற நண்டு. அவனுக்கு மட்டும் எப்படியோ நீலம் விழுந்திருந்தது. அந்த நண்டுக்குத் தொப்பி போட வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேலாக அவன் தலவிலக்குப் போனான். தொப்பி கிடைத்த அன்று லொறியை நேரே வீட்டுக்கு விட்டு றைஸாவிடம் காட்டினான்.

“இத வச்சு என்ன செய்யப் போறீங்க?” என்று அவள் கேட்டாள்.

“ஒண்டும் செய்யல்ல. நண்டு போட்டுக்கும்.”

நண்டு சண்டையில் துள்ளும்போது தொப்பி அதோடு போகாது. ஒரு கணம் அந்தரத்தில் தனியாக நின்றுவிட்டு, பிறகுதான் கீழே வந்து தலையில் உட்காரும். விளையாட்டைச் செய்தவர்களின் பிழை அது. அதைப் பார்ப்பதற்காகவே கில்பட் அவனைத் திரும்பத் திரும்பச் சண்டை போடச் சொல்லுவான்.

இன்னொரு பிழையும் இருந்தது. பிராணியை நிசமான இடத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தால் அன்றைக்கு அதற்கு ஒரு அலங்காரம் கிடைக்கும்: கழுத்துப் பட்டி, மூக்குக் கண்ணாடி, இப்படி ஏதாவது. கோயில் வாசல், படி, மணிக்கூண்டு, கடற்கரைப் பக்கத்து மதில் என்று ஒவ்வோர் இடத்திலும் ரிப்கான் நண்டை நிறுத்திப் படம் எடுத்தான். ஆனால் அவனுடைய போன் மலிவான போன். திரையில் நண்டு நிற்கும். சேமித்த படத்தில் வெறும் படி மட்டும் இருக்கும். கில்பட்டின் போனுக்கு அந்தக் குறை இல்லை. அது நீர்கொழும்பில் கலியாணம் முடித்திருந்த அவன் அக்கா கத்தரினா வாங்கிக் கொடுத்தது. சில நாள் ரிப்கான் அந்தப் போனில் தன் கணக்கைத் திறந்து, நண்டோடு தானும் நிற்பான்; கில்பட் படம் எடுப்பான். வெறும் படங்களை அழிக்க வேண்டும் என்று ரிப்கான் பல தடவை நினைத்தான். சோம்பலில் விட்டுவிட்டான்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது உயிர்த்த ஞாயிறன்று நீர்கொழும்பிலும் வேறு ஊர்களிலும் கோயில்களில் முஸ்லிம் தீவிரவாதிகளின் குண்டு வெடித்தது. கத்தரினா பூசைக்குப் போயிருந்தாள். திரும்பி வரவில்லை.

ரிப்கான் கில்பட்டுக்குப் போன் எடுத்தான், அவன் தூக்கவில்லை. கத்தரினாவின் மையத்துக்கு, அடக்கத்துக்குப் போக வேண்டும் என்று ரிப்கான் புறப்பட்டபோது நூஹு மறித்தார். இந்த நேரத்தில் தொப்பியும் தாடியுமாக யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது, நீ போனால் அவங்களுக்கும் கஷ்டம், உனக்கும் கஷ்டம் என்றார். ரிப்கானுக்குத் தாடி இல்லை. ஆனாலும் போகவில்லை.

அடுத்த கிழமை கடைகளுக்குச் சாமான் போக வேண்டியிருந்தது. வீதியில் புதிதாகப் போட்ட சோதனைச் சாவடியில் லொறியை நிறுத்தினார்கள். பெட்டிகளை இறக்கிக் கிளறினார்கள். பிறகு ஓர் இளம் ஆமிக்காரன் போனைக் கேட்டான். படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனவன் நின்றான். கோயில் வாசல். கோயில் படி. மதில். சனம் நிறைந்த முற்றம். எதிலும் அவன் முகம் இல்லை, குடும்பம் இல்லை, பிள்ளை இல்லை. அவன் மேலதிகாரியைக் கூப்பிட்டான். அவர் வட்ஸ்அப்பைத் திறந்தார். தமிழ் தெரிந்த ஒருவர் வந்து வாசித்துச் சொன்னார். மார்ச் மாதத்தில் ரிப்கான் எழுதியது அது: ‘ஞாயிறு காலம்புற தலவில கோயிலடியில ரெய்ட். முட்ட ஒம்பதுக்கு வெடிக்கும். ஆக்களக் கூட்டிட்டு வாங்க.’ அதற்குக் கீழே கில்பட்டின் பதில்: ‘வாறன். பூசை முடியிற நேரம், சனம் கனக்க இருக்கும்.’

முட்டை பொரிக்கும் என்று எழுதியிருக்கலாம். திரையில் அது சீனவெடி மாதிரிச் சிதறுவதால் அவன் பகிடியாக வெடிக்கும் என்று எழுதினான். அந்த ஒரு சொல்லை அவன் பிறகு எத்தனையோ மாதம் வாய்க்குள் போட்டு உருட்டினான்.

பொலிஸ் நிலையத்தில் அவனை விசாரித்த அதிகாரி கெட்ட மனிதராகத் தெரியவில்லை. அந்தக் கிழமை முழுவதும் நித்திரை இல்லாத கண்கள். தமிழில்தான் கேட்டார். இந்தக் கோயிலுக்கு ஏன் இத்தனை தரம் போனாய்? ரிப்கான் விளையாட்டைச் சொன்னான், பதக்கத்தைச் சொன்னான், தொப்பியைச் சொன்னான். போனில் நண்டைத் திறந்தும் காட்டினான்.

“இந்தத் தொப்பியால என்ன பிரயோசனம்?”

“ஒண்டுமில்ல சேர்.”

“ஒண்டுமில்லாத சாமானுக்கு ஒரு மனிசன் வருசக் கணக்கா ஒரே இடத்துக்குப் போவானா?”

அந்தக் கதிரையில் தான் உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன் என்று ரிப்கானுக்குப் பட்டது. சரி, நண்டை நிறுத்தித்தானே படம் எடுத்தாய், நண்டு எங்கே என்று அவர் கேட்டார். மலிவுப் போன் சேர், நண்டு படத்தில் விழாது என்றான். சொல்லும்போதே அது பொய் மாதிரி அவனுக்கே கேட்டது. பதற்றத்தில் அவனுக்கு அந்தப் பாழாய்ப்போன சிரிப்பும் முந்திக்கொண்டது. பின்னால் நின்ற ஒருவன் அவனுடைய இடது காதோடு சேர்த்து அறைந்தான். அன்றிலிருந்து அந்தக் காதில் இரைச்சல் மட்டும்தான்.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் போட்டார்கள். அதில் பிணை லேசில் கிடையாது. ஊரில் கதை வேறு விதமாக ஓடியது. தலவிலக்குக் குண்டு வைக்கப் பார்த்தவன் என்று சிலர். பெரிய ஆக்களோடு தொடர்பு என்று சிலர். ஏஜென்ட் லொறியை வேறொருவனுக்குக் கொடுத்தார். அவனுடைய கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்த கடைக்காரர்களும், அவன் அவ்வளவு கதைக்க மாட்டான், உள்ளுக்குள் என்ன இருந்ததோ என்றார்கள்.

புத்தளத்துச் சட்டத்தரணி ஒருவர் றைஸாவிடம் ஒரு வழி சொன்னார். குழுவில் பதில் எழுதிய கில்பட் வந்து, இது விளையாட்டுத்தான் என்று ஒரு வாக்குமூலம் கொடுத்தால், அவனுடைய போனில் நண்டோடு இருக்கிற படங்களையும் காட்டினால், பாதி வழக்கு கரைந்துவிடும். றைஸா மகளை மாமனாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள். அவளுடைய கறுப்பு அபாயாவைக் கண்டு பக்கத்து ஆசனத்துக்காரி எழும்பி முன்னால் போய் நின்றாள். மாம்புரியில் கில்பட்டின் வீட்டு ஒழுங்கையில் துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள் வெயிலில் நிறம் மங்கிக் கிடந்தன. அவன் எஞ்சின் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

“அண்ணன், உங்கட போன்ல அந்தப் படங்கள் இருக்கும்தானே. அதுல நண்டு விழுந்திருக்கும். அதக் காட்டினாப் போதும் எண்டு லோயர் சொல்றார்.”

கில்பட் தலையை உயர்த்தவில்லை. “எல்லாத்தையும் அழிச்சிட்டன்.”

“வந்து வாயால சொல்லவாவது ஏலாதா?”

“என்ட அக்காவ நான் உடுப்ப வச்சுத்தான் அடையாளம் காட்டினன்” என்றான் அவன். “கோயிலப் பத்தி என்னட்ட ஒண்டும் கேக்காதீங்க, தங்கச்சி.”

றைஸா அதற்கு மேல் நிற்கவில்லை. அவனுடைய மனைவி றோசமேரி படலை வரைக்கும் கூட வந்தாள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து சில நாளில் நூஹு மௌத்தானார். சுகர் வருத்தம் முன்பே இருந்தது. மகன் போன பிறகு மருந்தை ஒழுங்காக எடுக்கவில்லை. மகனைக் கொண்டுவந்து முகம் காட்ட அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. மன்னாரிலிருந்து தோளில் சுமந்து வந்த பிள்ளை இல்லாமல் அவரை அடக்கினார்கள். ரிப்கானுக்கு அது தெரிந்தது றைஸா அடுத்த தடவை பார்க்க வந்தபோது. கம்பிக்கு அப்பால் நின்று அவள் சொன்னாள். செவிடான காதைத் திருப்பி நின்றதால் முதல் தடவை அவனுக்கு விளங்கவில்லை. அவள் இன்னொரு முறை சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வருட முடிவில் ஒரு நாள் றோசமேரி தன்னுடைய பழைய போனில் இடம் போதவில்லை என்று படங்களை அழித்துக்கொண்டிருந்தாள். அதில் கில்பட் எப்போதோ அவளுக்கு அனுப்பிய படம் ஒன்று அகப்பட்டது. கோயில் படியில் தொப்பி போட்ட நீல நண்டு. அதன் பக்கத்தில் குந்திக்கொண்டு, அதன் தோளில் கை போடுவது போலக் காற்றில் கையை வைத்து, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிற ரிப்கான். அவள் அதைக் கொண்டுபோய்க் கணவனின் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். “இந்த மனிசன் உங்கட அக்காவக் கொலை செஞ்சவங்கட ஆள் எண்டு நீங்க நம்பினா, இதையும் அழிச்சுப் போடுறன். வாயத் திறந்து சொல்லுங்க.”

கில்பட் அவள் கையிலிருந்து போனை வாங்கினான். கனநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்துப் புத்தளத்துக்குப் போய்ச் சட்டத்தரணியின் கந்தோரில் அந்தப் போனைக் கொடுத்து, வாக்குமூலமும் கொடுத்தான். சோதனைச் சாவடியில் பிடித்த போனில் அதே படி, அதே நாள், அதே வெயில். ரிப்கானும் நண்டும் மட்டும் இல்லை. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அதிகாரிகளுக்கு விசயம் விளங்கியது. விளங்கிய பிறகும் வழக்குக் கோவை மேசை மேசையாக நகர வேண்டியிருந்தது. கொரோனா ஊரடங்குக்குக் கொஞ்சம் முந்தி ரிப்கானைப் பிணையில் விட்டார்கள். வழக்கு முடிந்தது என்று இன்று வரைக்கும் யாரும் எழுதித் தரவில்லை.

வீட்டுக்கு வந்தவனிடம் ஸஃப்னா உடனே ஒட்டவில்லை. அவன் முதலில் வாப்பாவின் கபுறடிக்குப் போய் வந்தான். பிறகு பல கிழமை வளவை விட்டு வெளியே இறங்கவில்லை.

ஊரடங்கு தளர்ந்த பிறகு கில்பட் வந்தான். முற்றத்தில் மோட்டர் சைக்கிளை நிறுத்திவிட்டு, உள்ளே கூப்பிடும் வரைக்கும் வெயிலில் நின்றான். றைஸா கதிரை கொண்டுவந்து போட்டாள். இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்தார்கள். வாப்பாவின் மௌத்தைக் கேள்விப்பட்டேன் என்றான் கில்பட். உன் அக்காவின் மையத்துக்கு நான் வரவில்லை என்றான் ரிப்கான்.

“நான் முதலே வந்து சொல்லாதது பயத்தில எண்டு றோசமேரி நினைக்கிறா” என்றான் கில்பட். “பயமும்தான். ஆனா மச்சான், உன்னட்டப் பொய் சொல்ல ஏலா. நீயும் அவங்கட ஆளா இருக்கும் எண்டு எனக்குப் பட்டுது.”

“ஒரு நாளா?”

“இல்ல. கன நாள்.”

ரிப்கான் நல்ல காதைத்தான் அவன் பக்கம் வைத்திருந்தான். கேட்டது சரிதான் என்று விளங்கியது. கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. உடம்பு முழுவதும் ஒரு அசதி மட்டும் வந்தது. “எனக்கும் அங்க உள்ளுக்க இருக்கக்குள்ள சில நேரம் அப்பிடித்தான் பட்டுது” என்றான். “நான் ஏதோ செஞ்சிட்டன் போல.”

றைஸா கொடுத்த தேத்தண்ணியைக் கில்பட் குடித்து முடித்தான். போகும்போது கை கொடுக்கவா வேண்டாமா என்று இருவருக்கும் தெரியவில்லை, கொடுக்கவில்லை.

ரிப்கான் இப்போது வெங்காயத் தோட்டங்களில் கூலிக்குப் போகிறான். பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுவதும் களை பிடுங்குவதும் பேச்சுத் தேவைப்படாத வேலைகள். செவிட்டுக் காதுக்குத் தோதானவை. ஆண்டுக்கொரு தடவை சிவில் உடுப்பில் யாராவது வந்து, எங்கே வேலை, யாரோடு பழக்கம் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு றைஸா அடுப்பு மூட்ட மாட்டாள், சாப்பாட்டுக்குக் கடைப் பாண்தான்.

கடலில் மீன் நன்றாகப் படுகிற நாட்களில் மாம்புரியிலிருந்து ஒரு மீன் பார்சல் பஸ்ஸில் வரும். பெயர் எழுதியிருக்காது. கொண்டக்டர் சந்தியில் இறக்கிவிடுவான். றைஸா போய் எடுத்து வருவாள். வேண்டாம் என்று திருப்பி அனுப்பச் சொல்லி அவளுடைய சொந்தங்கள் சொல்லிப் பார்த்தார்கள். றைஸா மீன் ஆணம் காய்ச்சி வைத்தால் ரிப்கான் உட்கார்ந்து சாப்பிடுவான். மாம்புரிப் பக்கம் மட்டும் அவன் போவதில்லை.