நானே என் பேரை வெட்டப் போனேன்

லிந்துலைத் தேயிலைத் தோட்டமொன்றில் பதினேழு வருடம் கொழுந்து பறித்தவள் நான். போன வருடம் கால் மரத்து, மலையில் இரண்டு தடவை கூடையோடு விழுந்தேன். நரம்பைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். மற்றவர்கள் பரிதாபமாகப் பார்ப்பது பொறுக்காமல், வேலையிலிருந்து என் பேரை வெட்டச் சொல்லி நானே கடிதம் எழுதி, தோட்ட ஆபீசுக்குக் கிளம்பிவிட்டேன்.

வழியில் மாதர் சங்கத் தலைவி செல்வி அதை வாங்கிப் படித்தாள். “என்னாக்கா இது! நீங்களா எழுதிக் குடுத்துட்டா அப்பறம் எதைக் கேக்குறது? டாக்டர் எழுதிக் குடுத்த துண்டக் காட்டி, ஒக்காந்து செய்யிற வேலை கேளுங்க!”

கூடவே வந்தாள். ஆபீசில் மூன்று வாரம் இழுத்தடித்துத்தான் அந்த வேலையைக் கொடுத்தார்கள். இப்போது தொழிற்சாலையில் உட்கார்ந்து, தேயிலையில் குச்சி பொறுக்குகிறேன்.

நாங்கள் குடியிருக்கும் லயத்தில் யாராவது உடம்புக்கு முடியாமல் பேர் வெட்டக் கடிதம் எழுதித் தரச் சொன்னால், முதலில் டாக்டர் துண்டைக் கேட்கிறேன். பிறகுதான் பேனாவை எடுப்பேன். அதுவும் மாற்று வேலை கேட்டு எழுதத்தான்.