வசவும் தீர்ப்பும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டிக் கோர்ட்டில் நான் மொழிபெயர்ப்பாளனாகக் காலம் தள்ளினேன். பொடியன்மார் களவெடுத்த வழக்கு வராத கிழமை இல்லை. வழக்கு முடிந்ததும் பெரிய மனிதர்கள் வராந்தாவில் நின்று, "தாய் தகப்பன் சரியில்லை" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று. சரியில்லைதான். வேறு எது சரியாக இருந்ததாம், அதையும் சொல்லட்டுமே!

ஒரு மழை நாளில் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பொடியன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். பத்து வயசு இருக்கும். ஒரு முஸ்லிம் முதலாளியின் கடை வாசலில் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். தகப்பன் கலஹாப் பக்கம் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தப் போய்விட்டான். தாய் காலையில் கொழுந்து பறிக்கப் போனால் பொழுதுபட்டுத்தான் தோட்டத்து லயத்துக்குத் திரும்புவாள். பகல் முழுக்க அந்த ஒற்றை அறையில் அவனுக்கு யார் துணை? டவுனுக்கு இறங்கினால் ஸ்டேஷனடியில் கூட்டாளிகள் இருந்தார்கள். வடை வாங்கிக் கொடுத்தார்கள், தொழிலும் சொல்லிக் கொடுத்தார்கள்.

தாய் நனைந்த கம்பளியோடு வராந்தாவில் நின்றாள். கடை முதலாளியைக் கண்டதும் மகனைப் பார்த்துத் தொடங்கினாள்.

"கட்டையில போறவனே! ஒன்னயப் பெத்த வயித்துல பெரண்டயத்தான் வச்சுக் கட்டணும்! மொதலாளி, இவன் எனக்குப் புள்ளையே இல்லீங்க, தோல உரிச்சிருங்க!"

லயத்து வழக்கம் இது. பிள்ளை குற்றம் செய்தால், பறிகொடுத்தவர் வாய் திறக்குமுன் தாய் முந்திக்கொண்டு ஏசித் தீர்த்துவிட வேண்டும். கேட்டவர் மனம் இளகி, சரி போ என்பார். கங்காணி முன்னாலும் துரை முன்னாலும் இதுதான் நடக்கும். முதலாளியும் இளகினார்.

"போதும் தங்கச்சி, ஏசாதீங்க. சின்னப் புள்ளதானே, அல்லாஹ்வுக்காக விட்டுட்டேன்."

ஆனால் அது பொலிஸ் வழக்கு. முதலாளி விட்டாலும் பொலிஸ்காரர்கள் விடமாட்டார்கள்.

நீதவான் கெட்டவர் அல்லர். பொடியனை வீட்டுக்கு அனுப்பத்தான் நினைத்தார். "இவனைப் பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வாயா?" என்று தாயை உள்ளே கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டேன்.

"எனக்கு வேணாங்க தொர! இந்தத் தறுதலய எங்கயாச்சும் கொண்டுபோயிருங்க! எம் மூஞ்சியில முழிக்கவே வேணாம்!"

பொடியனுக்கும் வழக்கம் தெரியும், முகத்தில் பயமே இல்லை. நான் அவள் சொன்னதை ஆங்கிலத்தில் சொல்லி, இவர்கள் மன்னிப்புக் கேட்கிற விதம் இதுதான் என்றும் சேர்த்துச் சொன்னேன். நீதவான் கண்ணாடியைக் கழற்றினார். சாட்சி சொன்னதை மட்டும் சொல், விளக்கம் தேவையில்லை என்றார். சீ, இதுவும் ஒரு உத்தியோகமா! பெற்றவளே வேண்டாம் என்றால் கோர்ட் என்ன செய்யும் என்று கேட்டு, கொழும்புக்கும் அப்பாலுள்ள சீர்திருத்தப் பள்ளிக்கூடத்துக்கு அவனை அனுப்பத் தீர்ப்பளித்தார். எல்லாம் ஆங்கிலத்தில். பொடியனைப் பக்கக் கதவால் கூட்டிப் போனார்கள். உடனே அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள், மத்தியானம் வரை நான் அசைய முடியவில்லை.

வெளியே வந்தபோது அவள் வராந்தாவிலேயே நின்றாள். மடியில் மகனுக்கென்று காய்ந்த சட்டை ஒன்று.

"எப்பங்கய்யா வெளிய விடுவாங்க? இருட்டுறதுக்குள்ள மல ஏறணும்."

"விடேல்லை அம்மா. தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிப் போட்டினம்."

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"பத்தலையாய்யா? இன்னும் நல்லா திட்டியிருக்கணுமா?"