டர்போ தாங்கும் பிளாக்

எங்கள் லாரியின் இன்ஜின் வெடித்ததற்கு என் வீட்டுக்காரர் நான்கு காரணங்கள் சொன்னார். வெயில், பழைய ரேடியேட்டர், குவாரியில் ஏற்றிவிட்ட அதிகப் பாரம், கடைசியாக ராகு காலம். ஐந்தாவது காரணத்தை என் அண்ணன்தான் எனக்குச் சொன்னான். சூடேறிக் கொதித்துக்கொண்டிருந்த இன்ஜின் ஆறும்வரை பொறுக்கமாட்டாமல், இவர் ஓடையில் மொண்ட குளிர்ந்த தண்ணீரை ஒரு குடம் முழுக்க ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் பிளாக்கில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல்.

பிளாக் என்பது இன்ஜினின் உடம்பு. பிஸ்டன்கள் ஏறி இறங்கும் குழிகளோடு வார்த்த பெரிய இரும்புக் கட்டி. மற்ற சாமான்களெல்லாம் அதில்தான் மாட்டும். அதில் விரிசல் விட்டால் தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகக் கலந்துவிடும், வண்டி நகராது. அரியலூர் குவாரியிலிருந்து சிமெண்டு ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடித்துக்கொண்டிருந்த எங்கள் லாரி, அண்ணனுடைய ஷெட்டில் வந்து நின்றது. எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில் நடந்த கதை இது.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன், லாரி மெக்கானிக். சுரங்கத்தில் கழித்துப்போட்ட ஒரு டம்பர் வண்டியிலிருந்து டர்போ என்று ஒரு சாமானை வாங்கி, கோணிப்பையில் சுற்றி, ஒரு வருடமாக ஷெட்டில் பத்திரமாக வைத்திருந்தான். நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். இன்ஜின் கக்குகிற புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அமுக்கி மறுபடி இன்ஜினுக்குள்ளேயே தள்ளுமாம். காற்று கூடினால் டீசல் கூடும், டீசல் கூடினால் குதிரைச் சக்தி கூடும் என்று எனக்குப் பாடம் எடுத்தான். அந்த டர்போவை மாட்ட ஒரு வண்டி கிடைக்காதா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன், எங்கள் லாரி வெடித்த செய்தி கேட்டு முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள ரொம்பவே பாடுபட்டான்.

"மாப்ள, பிளாக்க எப்படியும் மாத்தித்தான் ஆவணும். மாத்துறது மாத்துறோம், டர்போ தாங்குற பிளாக்கா பாத்துப் போட்டுருவோம். இன்னும் அம்பது குதிரை சேரும்" என்றான்.

"அம்பது குதிரைக்கும் கொள்ளு யாரு வைக்கிறது?" என்று கேட்டேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை. இன்ஜின் பேச்சில் ஆண்கள் சிரிக்க மாட்டார்கள் என்பதை நான் அன்றைக்குத்தான் கண்டுகொண்டேன்.

பெரம்பலூரில் மெட்ராஸ் ட்ரங்க் ரோட்டோரமாக ஒரு பாய் லாரி சாமான் கடை வைத்திருந்தார். அங்கே பிளாக் பார்க்கப் போவதென்று முடிவானது. அரும்பாவூரில் என் அம்மா வீட்டில் விடுமுறைக்கு விட்டிருந்த மகளை அழைத்துவர நானும் அன்றைக்கே கிளம்பினேன். பெரம்பலூரில் இறங்கித்தானே பஸ் மாற வேண்டும்? "அரை மணி நேர வேலைதான், முடிச்சுட்டு ஒண்ணாவே அரும்பாவூரு போயிடலாம்" என்றார் இவர். லாரிக்காரர்கள் சொல்லும் அரை மணி நேரத்தை நம்பிப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கடையில் மூன்று பிளாக்குகள் இருந்தன. முதலாவது, அடிபட்ட லாரியிலிருந்து கழற்றிய பழைய கம்பெனி பிளாக். இரண்டாவது, கோயம்புத்தூர்ப் பக்கம் ஏதோ பட்டறையில் வார்த்த டூப்ளிகேட். கம்பெனியில் செய்யாமல் வெளியே செய்த எல்லாவற்றுக்கும் அப்போது அதுதான் பெயர். மூன்றாவதும் டூப்ளிகேட்தான். ஆனால் ஆள் வேறு. சுவரெல்லாம் தடித்து, குறுக்கே பட்டை பட்டையாக வார்த்து, இரண்டு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத கனத்தில் உட்கார்ந்திருந்தது. அண்ணன் நேரே அதனிடம் போய், முதுகில் தட்டிக்கொடுத்தான்.

"எவ்ளோ டர்போ வேணா வைங்க தம்பி, மாஷா அல்லாஹ், இது தாங்கும்" என்றார் பாய்.

அண்ணன் எதையும் சோதிக்காமல் எடுக்க மாட்டான். புது வார்ப்பிலும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்குமாம். பிளாக்கில் மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவி ஊறவைத்தான். பிறகு காயத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினான். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளில் ஈரக் கோடாகத் தெரியும். பழைய கம்பெனி பிளாக்கில் பூசிய கொஞ்ச நேரத்திலேயே மயிரிழை மாதிரி ஒரு கருப்புக் கோடு எழுந்து வந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இரண்டாவது பிளாக் சுத்தமாக இருந்தது. மூன்றாவதில் எண்ணெய் தடவி ஊறவைத்தார்கள்.

அதுவரை நான் ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் மூன்றாவது பிளாக்கின் புகழைப் பாடிக்கொண்டிருந்தான். "இத மட்டும் போட்டு டர்போவ ஏத்துனா, மாப்ள, எந்த மலை ஏத்தத்துலயும் கியர மாத்த வேணாம். மத்த வண்டிக்காரன்லாம் ஓரமா நின்னு கும்புடு போடுவான்."

எனக்குச் சுருக்கென்றது. "அண்ணே, நம்ம குவாரிக்கும் ஆலைக்கும் நடுவுல மலை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பிளாக்கைக் குனிந்து பார்த்தார்கள். பாய் கணக்குப் புத்தகத்தைத் திறந்து அதற்குள் போய்விட்டார்.

"இல்ல புள்ள..." என்று இவர் இழுத்தார். "ஒருவேளை பின்னாடி எப்பவாச்சும் லைனுக்குப் போறதா இருந்தா..."

லைன் என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்யாணமாகி முதல் ஐந்து வருடம் இவர் இன்னொருவர் லாரியில் லைன் போனவர். பம்பாய், நாக்பூர், கல்கத்தா. மாதத்துக்கு ஒரு தடவை வந்து, இரண்டு நாள் தூங்கி எழுந்து போவார். எங்கேயாவது லாரி கவிழ்ந்தது என்று யாராவது பேசினால், அது எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை எனக்குச் சோறு இறங்காது. மகளுக்குப் பேச்சு வந்த புதிதில் அவரைக் கண்டு என் புடவைக்குள் ஒளிந்துகொண்டு, "மாமா வந்துட்டாரு" என்றாள். அதற்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு பழைய லாரியை வாங்கி, உள்ளூரிலேயே கல் அடிக்க ஆரம்பித்தார். தினமும் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்தார், தலைமுதல் கால்வரை சுண்ணாம்புத் தூளோடு. அந்தத் தூளைத் துவைத்தெடுப்பதற்குள் என் கை வெந்துவிடும். அதற்காக ஒரு நாளும் நான் அலுத்துக்கொண்டதில்லை.

வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொன்னால் கேட்பார், அதுதான் கஷ்டம். கேட்டுவிட்டு, சாப்பிடும்போதெல்லாம் வாசலுக்கு வெளியே ரோட்டையே பார்ப்பார். அந்தக் கடையில்கூட, ட்ரங்க் ரோட்டில் வடநாட்டு நம்பர் போட்ட லாரி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். என் பேச்சுக்காக அவர் நின்றதாக இருக்கக் கூடாது. இரும்பு சரியில்லை, அதனால் நின்றது என்று இருக்க வேண்டும். அந்தத் தடித்த பிளாக்கில் எங்காவது ஒரு விரிசல் இருந்துவிடாதா என்று எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

எண்ணெய் ஊற வேண்டிய நேரத்தில் அண்ணனும் இவரும் சாப்பிடக் கிளம்பினார்கள். "நீங்க போங்க, எனக்குப் பொட்டலமா வாங்கியாங்க" என்று நான் உட்கார்ந்துவிட்டேன். பாயும் எழுந்தார்.

"தொழுதுட்டு வந்துர்றேம்மா. கடையக் கொஞ்சம் பாத்துக்க" என்று என்னை நம்பி விட்டுவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போனார்.

நான் கடையைப் பார்க்கவில்லை, பிளாக்கைத்தான் பார்த்தேன். எல்லோரும் திரும்பிவரும்வரை என்னால் பொறுக்க முடியவில்லை. கிடந்த பழந்துணியை எடுத்து எண்ணெயைத் துடைத்தேன், சாக்பீஸ் தூளைப் பூசினேன். குனிந்து குனிந்து பார்த்தேன். இடுக்கிலெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. புதுச் சுண்ணாம்பு அடித்த சுவராகப் பளிச்சென்று இருந்தது. அதை வார்த்த பட்டறைக்காரனை, அவன் முகத்தைக்கூடப் பார்த்திராத நான், வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

மகளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க என் பையில் எப்போதும் ஒரு மை டப்பா இருக்கும். வீட்டில் நானே விளக்கெண்ணெய் ஊற்றிக் குழைத்த மை, எந்த வெயிலிலும் காயாமல் பிசுபிசுவென்று இருக்கும். என்ன செய்கிறேன் என்று யோசித்துச் செய்யவில்லை. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, மையில் தொட்டு, இரண்டு சிலிண்டர் குழிகளுக்கு நடுவே மெல்லியதாக ஒரு கோடு இழுத்தேன். மையிலிருந்த எண்ணெய் சாக்பீஸ் தூளில் பரவி, கோட்டின் இரு பக்கமும் ஈரம் படர்ந்தது. காலையில் பார்த்த விரிசல் தோற்றுப்போகும். எனக்கே ஒரு கணம் பெருமையாக இருந்தது. உடனே நம்பி விட்டுப்போன பாயின் முகம் ஞாபகம் வந்தது. அழித்துவிடலாம் என்று துணியைத் தேடினேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம்.

இவர் மட்டும் வந்தார், கையில் பொட்டலம். "உங்கண்ணன் வெத்தல போடுறான். சோறு ஆறிடப்போவுதுன்னு நான் ஓடியாந்துட்டேன்" என்றார். அப்போதுதான் பிளாக்கைப் பார்த்தார்.

"விரிசல் இருக்குதுங்க" என்றேன்.

அவர் பொட்டலத்தை ஸ்டூலில் வைத்துவிட்டுக் குனிந்தார். கோட்டின் மேல் ஆள்காட்டி விரலை வைத்து இழுத்தார். கோடு விரலோடு வந்துவிட்டது. விரல் நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார், மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என்னைப் பார்த்தார். கையில் ஹேர்பின்னும் அவிழ்ந்த கொண்டையுமாக நான் நின்றுகொண்டிருந்தேன்.

பழந்துணியை எடுத்து அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார். அதன் மேல் சாக்பீஸ் தூளைப் பூசினார். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். ரோட்டில் எந்த லாரி போனது என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பொட்டலத்தைப் பிரிக்கத் தோன்றவில்லை.

அண்ணனும் பாயும் ஒன்றாக வந்தார்கள். அண்ணன் பிளாக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, விரலால் தட்டிப் பார்த்து, வெற்றிலைச் சாற்றோடு கத்தினான். "சுத்தம்! ஒரு பொட்டு இல்ல மாப்ள! தூக்குங்க இத!"

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இதையும் போடுவார், டர்போவையும் வைப்பார், போய்விடுவார்.

"அது வேணாம் மச்சான்" என்றார் இவர். "அந்த ரெண்டாவது சாதா பிளாக்க எடு."

அண்ணனுக்கு வெற்றிலை புரையேறியது. "என்னய்யா சொல்ற? பத்து நாளா நீதான ஷெட்டுக்கு வந்து டர்போ டர்போன்னு உசுர வாங்குன?"

"நான்தான் கேட்டேன். நான்தான் வேணாங்குறேன். சாதாவே போதும், தூக்கு."

பாய் சிரித்துக்கொண்டே உள்ளே போய் அந்தச் சாதா பிளாக்குக்குக் கயிறு எடுத்துவந்தார். அண்ணன் மட்டும், பிளாக்கை அரியலூருக்கு ஏற்றிக்கொண்டு போகும்வரை, என்னையும் இவரையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தான்.

அரும்பாவூர் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியது. பிறகு கேட்டேன், "லைனுக்குப் போவணும்னு ரொம்ப ஆசையா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பயும் இருக்கு" என்றார். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. "ஆனா நீ இவ்ளோ பயந்துகிட்டு இருந்தேன்னு எனக்குத் தெரியாது புள்ள."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூட்டமான பஸ்ஸில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவர் என் காதருகே குனிந்தார்.

"இரும்பு அவ்ளோ நேரா வெடிக்காது. இன்னொரு தடவ கோடு போடுறதா இருந்தா, கொஞ்சம் வளைச்சுப் போடு."